பேரை எழுதச் சொன்ன டீச்சர்

போன செமஸ்டரில் எங்களுக்கு ஒரு அசைன்மென்ட். சின்ன வீட்டில் புழங்குகிற நாற்காலி, மேசை, கட்டில் இதில் ஏதாவது ஒன்றை எடுத்து, இடத்தை அடைக்காமல் எப்படி மடக்கலாம், எப்படி ஒன்றின் மேல் ஒன்று அடுக்கலாம் என்று வரைந்து காட்ட வேண்டும். நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. ஓவியத்துக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனால் நாற்காலி வரையச் சொன்னால் வரைந்துவிடுவேன். பழைய மாதிரிகளைத் தேடிக்கொண்டு போனபோது, 1920களில் வியன்னா நகரத்தில் இருந்த ஒரு வடிவமைப்பு அலுவலகத்தின் படங்கள் கண்ணில் பட்டன. மடக்கிற மேசை, அடுக்கிற நாற்காலி, பகலில் ஹாலாகவும் இரவில் படுக்கையறையாகவும் மாறுகிற ஒரே அறை. நூறு வருஷத்துக்கு முன்னால் போட்ட டிசைன் என்று சொன்னால் நம்ப மாட்டீங்க.

அலுவலகத்தின் பெயர் சிங்கர்-டிக்கர். சிங்கர் என்பவர் ஃபிரான்ஸ் சிங்கர். டிக்கர் யாரென்று பார்த்தால் ஒரு பெண், ஃபிரீடில் டிக்கர். அவர் பெயருக்குக் கீழே ரெண்டே வரிதான் இருந்தது. 1944ல் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். போகும் முன் குழந்தைகள் வரைந்த ஏறக்குறைய 4,500 படங்களைப் பத்திரப்படுத்திவிட்டுப் போனார்.

நாற்காலி அப்படியே நின்றுவிட்டது. அன்றைக்கு ராத்திரி முழுக்க அந்த அம்மாவைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

உண்மையைச் சொல்லணும்னா, அந்த ரெண்டு வரி என்னைப் பிடித்துக்கொண்டதற்கு வேறொரு காரணம் இருந்தது. அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால், பள்ளி விடுமுறையில் நடந்த ஒரு பிள்ளைகள் முகாமில் வர்ணம் தீட்டும் அங்கம் என் பொறுப்பு. ஒன்பது வயதுப் பையன் ஒருத்தன் வந்திருந்தான். அந்த வருஷம்தான் அவன் அப்பா தவறிப்போனார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அவன் ஒரு வீடு வரைந்தான். வாசல், ஜன்னல், கேட், வெளியே ஒரு மோட்டார் சைக்கிள். எல்லாம் நல்லாவே வந்திருந்தது. அப்புறம் கறுப்பு கிரேயானை எடுத்து மொத்தத்தையும் தேய்த்து மூடிவிட்டான், தாள் கிழிகிற அளவுக்கு. நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு புதுசு ஒன்றைக் கொடுத்து, நல்லதாக ஏதாவது வரையச் சொன்னேன். வரைந்தான். ரெண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஆறு, ஒரு தென்னைமரம். நம்ம பிள்ளைகள் எல்லாரும் வரைகிற அதே படம். அதைச் சுவரில் ஒட்டினோம். சாயங்காலம் கிளம்பும்போது அவன் என்னிடம் வந்து அந்த முதல் தாளைக் கேட்டான். அதை நான் குப்பைப் பையில் போட்டிருந்தேன். பையும் வெளியே போய்விட்டது.

சரி, ஃபிரீடில் கதைக்கு வருகிறேன்.

1898 ஜூலை 30ஆம் தேதி வியன்னாவில் ஓர் எளிய யூதக் குடும்பத்தில் பிறந்தார். நாலு வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். அப்பா சைமன் ஓர் எழுதுபொருள் கடையில் வேலை பார்த்தவர். அம்மா இல்லாத வீட்டில், தாளும் பென்சிலும் வர்ணமும் களிமண்ணும் இருந்த அந்தக் கடைதான் அந்தப் பிள்ளைக்கு விளையாட்டு மைதானம். இதை நான் ரொம்ப யோசித்தேன். இழப்பை வைத்துக்கொண்டு ஒரு குழந்தை தாளோடு உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

பதினான்கு வயதில் புகைப்படக் கலை படிக்கப் போனார். பிறகு கலைத்தொழில் பள்ளியில் நெசவு வடிவமைப்பு. அங்கே ஃபிரான்ஸ் சிஷெக் என்ற ஆசிரியரின் வகுப்பிலும் இருந்தார். இந்த சிஷெக் அந்தக் காலத்துக்குப் புதுமாதிரி ஆள். குழந்தைகளுக்கு ஓவியம் என்றால் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு குடத்தை வரைவார், எல்லாரும் அதைப் பார்த்து அப்படியே போட வேண்டும் என்றிருந்த நாளில், பிள்ளைகள் இஷ்டப்படி வரையட்டும் என்று ஒரு வகுப்பு நடத்தியவர். 1916ல் ஃபிரீடில் யோஹானஸ் இட்டன் நடத்திய தனியார் கலைப் பள்ளியில் சேர்ந்தார். இட்டன் 1919ல் ஜெர்மனியின் வைமார் நகரில் அப்போதுதான் தொடங்கியிருந்த பாவ்ஹவுஸ் கலைக்கூடத்துக்குப் போனபோது, அவர் பின்னாலேயே போன மாணவர்களில் ஃபிரீடிலும் ஒருவர்.

இட்டனின் வகுப்பைப் பற்றிப் படித்தால் நம்ம யோகா வகுப்பு மாதிரி இருக்கும். பென்சிலைத் தொடுவதற்கு முன்னால் மூச்சுப் பயிற்சி. உடம்பைத் தளர்த்துவது. பிறகு தாளத்துக்கு ஏற்றபடி கோடு இழுப்பது. ஒரு பொருளை வரையும் முன்பு அதன் அசைவை உடம்பால் உணர வேண்டும் என்பது அவர் கட்சி. பாவ்ஹவுஸில் ஃபிரீடில் நெசவு, அச்சு, புத்தகக் கட்டு, சிற்பம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கற்றார். பால் கிளேயும் அங்கே ஆசிரியர்.

இங்கே ஒரு சின்ன சங்கதி, நம்ம வாசகர்களுக்காக. 1922 டிசம்பரில் இட்டன், கிளே முதலான பாவ்ஹவுஸ் ஓவியர்களின் படங்கள் கல்கத்தாவில் கண்காட்சிக்கு வந்தன. அதற்கு வழி செய்தவர்களில் முக்கியமானவர் ஸ்டெல்லா கிராம்ரிஷ். வியன்னாவில் படித்தவர், இட்டனை அறிந்தவர், பின்னாளில் இந்துக் கோயில் கட்டடக் கலையைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர். ஃபிரீடில் வைமாரில் மாணவியாக இருந்த அதே சமயத்தில் அவருடைய குருமார்களின் படங்களை வங்காளத்து மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

1923ல் பாவ்ஹவுஸை விட்டார். முதலில் பெர்லின், பிறகு வியன்னா. ஃபிரான்ஸ் சிங்கரோடு சேர்ந்து நாடக மேடை, உடை, வீடு, நாற்காலி என்று பல வருஷம் உழைத்தார். என் அசைன்மென்ட்டில் சிக்கியது இந்தக் காலம்தான். அவர்கள் கட்டியதில் பெரும்பாலானவை இன்று இல்லை. அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது வியன்னாவின் கோத்தேஹோஃப் தொழிலாளர் குடியிருப்பில் அமைத்த மாண்டிசோரி பாலர் பள்ளி. எல்லாம் குழந்தை உயரத்துக்கு. விளையாட, சாப்பிட, தூங்க என்று இடத்தை மாற்றிக்கொள்ளலாம். குழந்தையைக் குட்டிப் பெரியவராக நினைக்காமல் குழந்தையாகவே நினைத்துப் போட்ட அளவுகள். ஒரு டிசைனைப் பார்த்தாலே அதைப் போட்டவர் யாரை மதிக்கிறார் என்று தெரிந்துவிடும்.

1931 வாக்கில் பாலர் பள்ளி ஆசிரியைகளுக்கு ஓவியம் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். சிங்கரோடு இருந்த உறவு அதற்குள் முறிந்திருந்தது. அது ரொம்ப வலித்த கதை, அதற்குள் நான் போகவில்லை. 1934ல் ஆஸ்திரியாவில் தொழிலாளர் எழுச்சி அடக்கப்பட்டபோது, கம்யூனிஸ்டுகளோடு வேலை செய்தார் என்று கைதானார். சிறை, விசாரணை. அந்த விசாரணை அறையைப் பிறகு ஓவியமாகவே வரைந்தார். வெளியே வந்ததும் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரத்துக்குத் தப்பிப் போனார்.

ஆர்ட் தெரபி என்று இன்று சொல்கிற சிகிச்சையின் ஒரு வேர் இந்த பிராக் நகரத்தில்தான் இருக்கிறது.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு ஜெர்மனியிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஓடிவந்த குடும்பங்கள் அங்கே நிறைய. அந்தப் பிள்ளைகளுக்கு ஃபிரீடில் ஓவிய வகுப்பு எடுத்தார். அதே சமயத்தில் தாமும் ஆனி ரைக் என்ற மனப்பகுப்பாய்வு மருத்துவரிடம் போய்க்கொண்டிருந்தார். அதாவது தன் மனசையும் ஒருவர் முன்னால் பிரித்து வைத்துப் பார்த்தார். மனசு சரியில்லை என்று டாக்டரிடம் போவதையே ரகசியமாக வைத்துக்கொள்கிற நம்ம ஆட்களுக்கு இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லணும். பிறருக்கு உதவப் போனவர் முதலில் உதவி கேட்டு ஒரு வாசற்படி ஏறினார்.

அவரோடு எடித் கிராமர் என்ற வியன்னாப் பெண்ணும் பிராகுக்கு வந்திருந்தாள். சின்ன வயதிலிருந்தே ஃபிரீடிலிடம் படித்தவள், அப்போது பதினெட்டு வயது. வகுப்பில் உதவியாளர். அகதிப் பிள்ளைகளின் படங்களில் எடித் சில விஷயங்களைக் கவனித்தாள். சில பிள்ளைகள் வயதுக்கு ரொம்பக் கீழே இறங்கி வெறும் கிறுக்கலுக்குப் போய்விட்டார்கள். சிலர் ஒரே உருவத்தை மாறாமல் திரும்பத் திரும்பப் போட்டார்கள். சிலர் தங்களைத் துரத்தியவர்களைப் போலவே தங்களை வரைந்துகொண்டார்கள். எடித்தை மறந்துவிடாதீங்க, கடைசியில் மறுபடியும் வருவார்.

1936ல் ஃபிரீடில் தன் சித்தி மகன் பாவெல் பிராண்டைஸை மணந்தார். குழந்தை வேண்டும் என்ற ஆசை அவருக்கு ரொம்ப இருந்தது. அமையவில்லை. 1938ல் இருவரும் ஹ்ரோனவ் என்ற சின்ன ஊருக்குப் போய் நெசவாலையில் வேலை பார்த்தார்கள். அந்தச் சமயத்தில் பாலஸ்தீனத்துக்குப் போக ஃபிரீடிலுக்கு விசா கிடைத்தது. பாவெலுக்குக் கிடைக்கவில்லை. அவர் போகவில்லை. எடித் அந்த வருஷமே நியூயார்க்குக்குக் கப்பல் ஏறிவிட்டாள்.

1942 டிசம்பர் 17ஆம் தேதி கணவன் மனைவி இருவரையும் தெரெசின் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஆளுக்கு 50 கிலோ சாமான் எடுத்துக்கொள்ளலாம் என்று விதி. குளிர் நாடு, டிசம்பர் மாதம். உங்களையும் என்னையும் கேட்டால் கம்பளியும் சாப்பாடும் எடுத்து வைப்போம். ஃபிரீடில் தாளும் வர்ணமும் எடுத்து வைத்தார். படுக்கை விரிப்புகளுக்குக்கூடச் சாயம் ஏற்றி வைத்தார், பிள்ளைகளின் நாடகத்துக்குத் திரையாகும் என்று.

தெரெசின் பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய ஒரு கோட்டை ஊர். போருக்கு முன் சுமார் 7,000 பேர் இருந்த இடம். நாஜிகள் அதை யூதர்களை அடைத்து வைக்கும் ஊராக மாற்றினார்கள். 1942 செப்டம்பரில் அங்கே 58,000 பேருக்கு மேல் இருந்தார்கள். போர் முடிவதற்குள் பசியிலும் நோயிலும் சுமார் 33,000 பேர் அங்கேயே இறந்துபோனார்கள். அதைவிட இரண்டு மடங்குக்கும் மேற்பட்டவர்களைக் கிழக்கே கொலைமுகாம்களுக்கு ரயில் ஏற்றினார்கள். பிள்ளைகள் பலர் தனி இல்லங்களில், அடுக்குக் கட்டில்களில். பள்ளிக்கூடம் நடத்தத் தடை. படம் வரையலாம், பாடலாம், அவ்வளவுதான். அதனால் கைதிகளாக இருந்த ஆசிரியர்கள் ஓவிய வகுப்பு, பாட்டு வகுப்பு என்ற பெயரில்தான் எதையும் செய்ய முடிந்தது.

ஃபிரீடில் எல் 410 என்ற எண் கொண்ட பெண்பிள்ளைகள் இல்லத்தில் வேலை செய்தார். கொண்டுவந்த தாள் எத்தனை நாளைக்கு வரும்? பழைய அலுவலகப் படிவங்களின் பின்பக்கம், பொட்டலத் தாள், அட்டை, கிடைத்ததையெல்லாம் வாங்கி வந்தார். வர்ணம் தீர்ந்தால் கலர் கலரான தாள்களைக் கிழித்து ஒட்டினார்கள். இன்று அருங்காட்சியகத்தில் இருக்கும் சில படங்களில் வானத்துக்குள்ளேயே அச்சடித்த எழுத்தும் கட்டமும் தெரிகிறது.

வகுப்பு எப்படி நடந்தது என்று உயிர் தப்பிய மாணவிகள் பல வருஷங்களுக்குப் பிறகு சொல்லியிருக்கிறார்கள். இட்டனிடம் கற்ற அதே தாளப் பயிற்சியில் தொடங்குவார். மேசையில் தட்டுவார், பிள்ளைகளின் கை அந்தத் தாளத்துக்குக் கோடு இழுக்கும். நாள் முழுக்கக் கட்டளைக்கு அடங்கி விறைத்துப்போன கை கொஞ்சம் இளகும். பிறகு ஜன்னல் வழியாகத் தெரிவதை வரையலாம், ஒரு குவளையை வரையலாம், பழைய ஓவிய மேதைகளின் அச்சுப் படத்தைப் பார்த்து அதில் வெளிச்சம் எங்கே, இருட்டு எங்கே என்று மட்டும் வரையலாம். இல்லாவிட்டால் தனக்குத் தோன்றியதை வரையலாம். இதை வரை, அதை வரையாதே என்பது கிடையாது. சாவையும் காவலாளியையும் வரைந்த பிள்ளைகள் உண்டு. ஆனால் மிக அதிகமாக வந்தவை வீடு, தோட்டம், சாப்பாட்டு மேசை, பூ, வண்ணத்துப்பூச்சி. அந்த நேரம் முழுக்க எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோகும் என்பதுதான் அந்த மாணவிகள் மாறி மாறிச் சொன்ன விஷயம்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் கண்டிப்பு. வரைந்த பிள்ளை தன் பெயரைப் படத்தில் எழுத வேண்டும். முகாம் நிர்வாகத்துக்கு ஒவ்வொருவரும் ஓர் எண். ரயில் பட்டியலில் ஏறுகிற எண். தாளில் மட்டும் பெயர் இருந்தது. பல படங்களில் வயதும் இல்லத்தின் அறை எண்ணும்கூட இருக்கின்றன. இத்தனைக்கும் ஃபிரீடில் தம்முடைய ஓவியங்கள் பலவற்றில் கையெழுத்தே போடாதவர்.

பெயரும் வயதும் இருந்ததால் இன்னொரு வேலையும் நடந்தது. இது வகுப்புதான், கூட்டமாகத்தான் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் ஒரு பிள்ளையின் படங்களை மட்டும் வரிசையாக எடுத்து வைத்துப் பார்த்தால் அந்த ஒரு பிள்ளையோடு தனியாகப் பேசுகிற மாதிரி. எங்கே தயங்கியது, எங்கே திறந்தது என்று தெரியும். 1943ல் தெரெசினிலேயே குழந்தை ஓவியத்தைப் பற்றி மற்ற ஆசிரியர்களுக்கு ஓர் உரை நிகழ்த்தினார், பிள்ளைகளின் படங்களைக் கண்காட்சியாகவும் வைத்தார். அவருடைய வாதம் இதுதான். இந்த வகுப்பு பிள்ளைகளை ஓவியர்களாக்க நடப்பதில்லை. அவர்களுக்குள் இருக்கிற சக்தியைத் திறந்துவிடத்தான் நடக்கிறது. பெரியவர்கள் தங்களுக்குத் தெரிந்த அழகை அவசரப்பட்டுத் திணித்தால் குழந்தை தன் அனுபவத்தைத் தானே சொல்கிற வழியை அடைத்துவிடுகிறோம். அதைப் படித்த இடத்தில் நான் லேப்டாப்பை மூடிவிட்டேன். ரெண்டு மலையும் சூரியனும் கண்முன் வந்து நின்றன.

அதே எல் 410ல் ஹெல்கா வைசோவா என்ற பெண்ணும் இருந்தாள். அவள் அப்பா, கண்ணால் காண்பதை வரையும்படி அவளிடம் சொல்லியிருந்தார். அதனால் அவள் வரிசையில் நிற்பவர்களையும், மூட்டை சுமப்பவர்களையும், அடுக்குக் கட்டில்களையும் சாட்சி சொல்வது போல் வரைந்தாள். பிழைத்து வந்து ஓவியரானார். ஃபிரீடில் போன வழி வேறு. வெளியே இருப்பதைப் பதிவு செய்யச் சொல்லி அவர் யாரையும் தள்ளவில்லை. ரெண்டும் தேவைதான் என்று எனக்குப் படுகிறது. ஆனால் ரெண்டையும் போட்டுக் குழப்பக்கூடாது.

1944 ஜூன் 23ஆம் தேதி செஞ்சிலுவைச் சங்கத்துப் பிரதிநிதிகள் தெரெசினைப் பார்க்க வந்தார்கள். அதற்காக நாஜிகள் ஊரையே அலங்கரித்தார்கள். சுவருக்குச் சாயம், பூச்செடி, குழந்தைகளுக்கு விளையாட்டு மைதானம். கூட்டம் குறைவாகத் தெரிய வேண்டும் என்று ஆயிரக்கணக்கானவர்களை முன்கூட்டியே ஆஷ்விட்ஸுக்கு அனுப்பினார்கள். வந்தவர்கள் பார்த்துவிட்டுத் திருப்தியோடு போனார்கள். அதே ஊரில், படிவத்தின் பின்பக்கத்தில் பிள்ளைகளும் பூ வரைந்துகொண்டிருந்தார்கள்.

அந்தச் செப்டம்பர் 28ஆம் தேதி பாவெலை ஆஷ்விட்ஸ் ரயிலில் ஏற்றினார்கள். ஃபிரீடில் தானாகவே அடுத்தடுத்த ரயில்களில் ஒன்றுக்குப் பெயர் கொடுத்தார். அக்டோபர் 6ஆம் தேதி ரயில் கிளம்பியது. அவருடைய மாணவிகள் பலரும் அதில் இருந்தார்கள். அக்டோபர் 9ஆம் தேதி பிர்கெனாவில் கொல்லப்பட்டார். வயது 46. யாரைத் தேடிப் போனாரோ அந்தப் பாவெல் உயிர் பிழைத்தார்.

போகும் முன் படங்களை ரெண்டு பெட்டிகளில் அடுக்கி வைத்திருந்தார். போர் முடிந்ததும் 1945 ஆகஸ்டில், எல் 410 இல்லத்தின் பொறுப்பாளராக இருந்த வில்லி குரோக் அந்தப் பெட்டிகளைப் பிராக் யூதச் சமூகத்திடம் கொண்டுவந்து சேர்த்தார். கையெழுத்துப் போட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் அப்போது உயிரோடு இல்லை. படங்கள் இன்று பிராக் யூத அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அங்கே பிங்காஸ் என்ற பழைய தொழுகைக்கூடத்தின் சுவர் முழுக்க, கொல்லப்பட்ட செக் நாட்டு யூதர்கள் சுமார் 80,000 பேரின் பெயர்கள். மாடியில் பிள்ளைகளின் படங்கள்.

என்ஜினியரிங் படிக்கிறவள் என்பதால் எனக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைப் பார்த்தாலும் கடைசியில் என்ன பலன் என்று கேட்பேன். குணமாக்குவதுதான் சிகிச்சை என்றால், குணமாகி வாழ்வதற்கு நாளே இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்தது என்ன? கீதை வகுப்பில் பலனை எதிர்பார்க்காத கடமையைப் பற்றி எத்தனையோ தடவை பேசியிருக்கிறோம். அந்த விளக்கத்தை இங்கே ஒட்டிவிட்டுப் போகலாம், ரொம்பச் சுலபம். ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. ஃபிரீடில் பலனை எதிர்பார்த்தார். அன்றைய வகுப்பில், அந்த ஒரு மணி நேரத்தில், அந்தப் பிள்ளையின் கை இளக வேண்டும் என்று எதிர்பார்த்தார். அது கிடைத்தது. போர் முடிந்ததும் இந்தப் படங்களை வைத்து ஆராய வேண்டும் என்றும் நினைத்திருந்தார். அது கிடைக்கவில்லை.

அந்த வேலையை எடுத்துக்கொண்டுபோனவர் எடித். நியூயார்க்கில் இறங்கியவர் ஒரு பள்ளியில் சிற்பம் கற்றுக்கொடுத்தார், போர்க்காலத்தில் ஒரு பட்டறையில் மெஷின் ஓட்டினார். (மெக்கானிக்கல் பெண்கள் கவனிக்கவும்.) 1950ல் நியூயார்க் மாநிலத்தில் வில்ட்விக் என்ற பள்ளியில் சேர்ந்தார். எட்டிலிருந்து பதின்மூன்று வயது வரை உள்ள ஆண்பிள்ளைகள், வீட்டில் அடிபட்டும் தெருவில் அலைந்தும் வந்தவர்கள். பிராகில் அகதிப் பிள்ளைகளிடம் பார்த்த அதே கிறுக்கல், அதே மாறாத உருவம், அதே அடித்தவனின் வேஷம். தெரிந்த முகம் மாதிரி. ஏழு வருஷ அனுபவத்தை 1958ல் புத்தகமாக்கினார். குழந்தைகளுக்கான ஓவியச் சிகிச்சை பற்றிய முன்னோடி நூல்களில் அது ஒன்று. ஆர்ட் தெரபி என்ற பெயரே 1942ல்தான் இங்கிலாந்தில் ஏட்ரியன் ஹில் என்ற ஓவியர், காசநோயாளிகளோடு செய்த வேலைக்கு வைத்தது. ஃபிரீடில் தெரெசினுக்குப் போன அதே வருஷம். தான் செய்வதற்கு அப்படி ஒரு பெயர் இருக்கிறது என்பதற்காக அவர் அதைச் செய்யவில்லை.

எடித் ஒரு நல்ல வார்த்தை கண்டுபிடித்தார், மூன்றாவது கை. குழந்தைக்கு ரெண்டு கை இருக்கிறது. களிமண் பொம்மையின் கால் வளைந்து விழப்போகிறது, உள்ளே ஒரு கம்பியை வைத்துக் கொடுப்பது சிகிச்சையாளரின் வேலை. வேண்டிய நிறம் குழையவில்லை, குழைத்துக் கொடுப்பது அவர் வேலை. பொம்மையின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது அவர் வேலையே கிடையாது. அந்தக் கை இருப்பதே தெரியக்கூடாது.

இன்று ஒரு பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து செய்கிற ஓவியச் சிகிச்சையைப் பார்த்தால் இந்த ரெண்டு பெண்களின் கைவிரல் ரேகை அதில் தெரியும். வாராவாரம் அதே நாள், அதே நேரம், அதே அறை. படங்கள் பிள்ளையின் பெயர் எழுதிய கோப்பில் இருக்கும். கேட்காமல் சுவரில் ஒட்டமாட்டார்கள், கேட்காமல் எறியவும் மாட்டார்கள். பதினைந்து வயதுப் பிள்ளையை எதிரில் உட்காரவைத்து என்ன பிரச்சினை என்று கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் பதில் வரும். கைக்கு வேலை கொடுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும். வராவிட்டாலும் குடி முழுகிப்போகாது. வரையத் தெரியாது என்று கூச்சப்படும் இளையோருக்குப் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டக் கொடுப்பார்கள். கறுப்பு என்றால் சோகம், சிவப்பு என்றால் கோபம் என்று ஜாதகம் பார்க்கிற மாதிரி பலன் சொல்லமாட்டார்கள். போன்களில் சுற்றுகிற அந்தப் பட்டியல்களை நம்பி நம்ம பிள்ளைகளின் படத்தைப் படிக்க ஆரம்பித்துவிடாதீங்க. கறுப்பு கிரேயானால் மூடிய வீட்டுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவன் அவன். அது முறையாகப் படித்துப் பயிற்சி பெற்றவர்கள் செய்கிற வேலையும்கூட. வர்ணம் தீட்டும் அங்கத்துக்குப் பொறுப்பு எடுக்கிற என் மாதிரி அக்காமார் செய்யக்கூடியது, தாளை எடுத்து எறியாமல் இருப்பது.

நாற்காலி அசைன்மென்ட்டில் எனக்கு பி பிளஸ் கிடைத்தது. மடக்கும்போது விரல் மாட்டிக்கொள்ளும் இடத்தை நான் கவனிக்கவில்லையாம்.

வருஷக் கடைசி முகாமுக்கும் என் பெயரைக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை நாற்பது அட்டைக் கோப்புகள் வாங்கி வைத்திருக்கிறேன். மேலே பெயர் எழுதும் இடம் காலி, அவரவர் எழுதிக்கொள்ளட்டும். கறுப்பு கிரேயான் மட்டும் தனியாக ரெண்டு டப்பா எடுத்தேன், பெட்டியில் எப்போதும் அதுதான் முதலில் தீரும். அந்தப் பையன் வருவானா என்று அவன் அம்மாவுக்கு மெசேஜ் போட்டேன். படித்துவிட்டார், பதில் இன்னும் வரவில்லை.